உம் கொட்ட ஓர் ஆள்

ஏழாம் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். காலையில் அவன் வந்து வாங்கில் இருந்ததும், அதே வாங்கில் இருக்கும் மற்ற இருவரும் சத்தமில்லாமல் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இருவரும் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருக்க, அவன் மறுமுனையில் தனியே இருப்பான். முதல் வாரம் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்: "மீன் மணக்குது டீச்சர்."

அவன் தன் அம்மப்பாவோடு விடியப்புறம் கரைவலை இழுக்கப் போகிறவன். வலை கரைக்கு வந்து, மடியை அவிழ்த்து, மீனைத் தரம் பிரித்து, பங்கு கிடைத்து, வீட்டுக்கு ஓடிக் குளித்துச் சட்டை மாற்றி வருவதற்குள் ஏழரை மணி அடித்துவிடும். பிந்தி வந்தவர்களின் பெயர் எழுதும் கொப்பியில் அவன் பெயர் இல்லாத நாள் குறைவு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒருவனுக்குப் பக்கத்தில் ஆளில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். திருகோணமலையில் பிறந்து, இந்த மாவட்டத்துப் பாடசாலைகளிலேயே இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். கதை என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம். அடுத்த நாளே ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு போனேன். ஏழைப் பிள்ளை ஒருவனை எல்லோரும் ஒதுக்குகிறார்கள், ஒருநாள் ஒதுக்கியவர்களில் ஒருவன் ஆற்றில் விழ, இவன் குதித்துக் காப்பாற்றுகிறான், எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். முடித்துவிட்டு, "இந்தக் கதை எங்களுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டேன். கைகள் மளமளவென்று உயர்ந்தன. "ஏழைகளுக்கு இரக்கம் காட்ட வேண்டும்." "ஒருவரையும் ஒதுக்கக் கூடாது." பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்கும் விடைகள். சொல்லிக்கொண்டே எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பின் வாங்கிலிருந்து ஒரு குரல், நல்ல மனத்தோடுதான், "பாவம் டீச்சர்" என்றது.

அடுத்த நான்கு நாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை.

தன்னைப் பற்றிய முகச்சுளிப்புக்கு அவன் ஏற்கெனவே பழகியிருந்தான். "பாவம்" என்ற சொல்லை வகுப்புக்குள் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தவள் நான். அதற்குமுன் அவன் மீன் மணக்கிற பெடியன். அன்றிலிருந்து மீன் மணக்கிற பாவப்பட்ட பெடியன்.

சனிக்கிழமை விடிய நான் கடற்கரைக்குப் போனேன். இரண்டு பக்கமும் கயிறு; ஒவ்வொரு கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். பின்னோக்கிக் கால் வைத்து, ஒரே தாளத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய அம்மப்பாதான், "சும்மா நிக்காமப் பிடிங்க டீச்சர்" என்று கயிற்றைக் காட்டினார். அரை மணித்தியாலம் பிடித்திருப்பேன். உப்பு ஊறிய கயிறு உள்ளங்கையைத் தீய்த்துவிட்டது. அன்று முழுக்கச் சோறு பிசைய முடியவில்லை. வலை வந்து முடிந்தபோது அவனிடம், "டீச்சர் பிழையான கதை சொல்லிட்டன்" என்று மட்டும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை வந்தான்.

கதையில் என்ன பிழை என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்கும்போது அம்மம்மாவின் ஞாபகம் வந்தது.

1990இல் யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு மண்டபத்தில், பாய்க்கு ஒரு குடும்பம், இடையில் சீலை மறைப்பு. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை நேரத்தோடு நூர்த்துவிடுவார்கள். இருட்டில் அம்மம்மா கதை சொல்லுவார். அவருக்கு ஒரேயொரு நிபந்தனை: யாராவது உம் கொட்ட வேண்டும். "ம்" நின்றால் கதையும் நின்றுவிடும். நாங்கள் நித்திரையாகிவிட்டால், சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷி "ம், பிறகு?" என்பார். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. பகலில் தண்ணீர் வரிசையில் அவருக்கும் அம்மம்மாவுக்கும் வாளிச் சண்டை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஒரு கிழமை இருட்டில் உம் கொட்டிய பிறகு, ஒருநாள் விடிய அந்த மனுஷி எங்களுக்கும் சேர்த்து ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

அம்மம்மா சொன்ன கதைகளில் இரக்கம் பற்றி ஒன்றுமே இருந்ததாக ஞாபகமில்லை. நரி, காகம், ஏழு அண்ணன்மாருக்கு ஒரு தங்கச்சி, இப்படித்தான். ஆனால் நடுவில் நிறுத்தி, "இப்ப அந்த நரிக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்று கேட்பார். பதில் வராமல் அடுத்த வரி வராது.

இதை வைத்துத்தான் என் வகுப்பை மாற்றினேன். அங்கே நான் கண்டது இதுதான்: கதை சொல்லும் வாயில் இரக்கம் ஊறுவதைவிட, "ம்" என்று சொல்லிக் காத்திருக்கிற காதில்தான் அது அதிகம் ஊறுகிறது. நாங்கள் ஆசிரியர்கள் எந்தக் கதையைச் சொல்லலாம் என்று தேடி அலைகிறோம். யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் கவனம் வைப்பதில்லை.

கிழமைக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், கதைக்கென்று ஒதுக்கினேன். முதலில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை என்று வைத்தேன். பிள்ளைகள் களைத்திருப்பார்கள், கதைக்கு ஏற்ற நேரம் என்பது என் கணக்கு. இரண்டு கிழமை போன பிறகுதான் உறைத்தது: ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் முஸ்லிம் பிள்ளைகள் ஐந்து பேரும் அந்த நேரத்தில் வகுப்பில் இல்லை. எல்லோரையும் ஒருவரையொருவர் கேட்க வைக்கும் பாடத்தை ஐந்து பேர் இல்லாத நேரத்தில் வைத்திருந்தேன். புதன்கிழமைக்கு மாற்றினேன். இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் நேரசூசியைப் பாருங்கள். யார் எப்போது இல்லை என்பது அதில் இருக்கிறது.

வாங்குகளைச் சுவரோடு தள்ளிவிட்டு நிலத்தில் வட்டமாக இருப்போம். ஒவ்வொரு புதனும் ஒருவர் உம் கொட்டுபவர். அவர் கதை சொல்பவருக்கு நேரே இருப்பார். அவருக்கு மூன்று வேலை. கதை ஓட "ம்" கொடுக்க வேண்டும். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். ஆனால் கேள்வி கதைக்குள் இருப்பவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கதை முடிந்த பிறகு அவர்தான் முதலில் பேச வேண்டும். தான் கேட்டதில் ஏதாவது ஒரு சின்னப் பொருளை, அல்லது ஒரு செயலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அவன் சட்டியை வைக்கோல்ல சுத்திக் கட்டினான்" என்றால் போதும். கருத்துச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் பிள்ளைகள் "ம்... ம்... ம்..." என்று விளையாட்டாகக் கொட்டினார்கள். மூன்று நான்கு கிழமையில் அது தானாக அடங்கியது. சத்தம் போடுகிற பிள்ளையையே அந்த வேலைக்கு விட்டுப் பாருங்கள். கதையை ஓட்டுவது தன் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை நிமிர்ந்து இருப்பதைக் காண்பீர்கள்.

"நீதி என்ன?" என்ற கேள்வியை அடியோடு விட்டேன். இது லேசான காரியமாக இருக்கவில்லை. பழகிய நாக்கு, கதை முடிந்ததும் தானாக அந்தக் கேள்விக்கு ஓடும். பிள்ளைகளும் கேட்காமலே நீதி சொல்லத் தொடங்குவார்கள். நீதி சொன்ன மறுகணம் கதை அவர்களை விட்டுப் போய்விடுகிறது. கொப்பியை மூடுவது போலத்தான். அதற்குப் பதிலாக வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன்: அவன் எத்தனை மணிக்கு எழும்பியிருப்பான்? என்ன சாப்பிட்டிருப்பான்? அந்த இடத்தில் நின்றால் என்ன சத்தம் கேட்கும்? இந்தக் கதையில் ஒரு சொல்லும் பேசாதவர் யார்? உணர்ச்சியைப் பற்றி நேரே கேட்டால் "கவலையாக இருந்தது" என்ற ஒரே பதில்தான் வரும். எழும்பிய நேரத்தைக் கேளுங்கள், ஒரு வாழ்க்கையே வரும்.

சரி, கரைவலைப் பெடியனிடம் திரும்பி வருகிறேன். அவனைப் பற்றிய கதையை அவன் முன்னால் மறுபடி சொல்ல எனக்குத் துணிவில்லை. ஊரையும் தொழிலையும் மாற்றினேன். தம்பலகாமத்தில் ஒரு பெடியன். வீட்டில் எருமைகள். இரவில் பால் காய்ச்சி, ஆற வைத்து, முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி உறை விட்டு, சட்டிகளில் ஊற்றி மூடி வைப்பார்கள். விடிய அவன் அந்தச் சட்டிகளைச் சைக்கிள் கரியரில் வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொண்டு சந்திக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். சட்டையில் அடுப்புப் புகையும் எருமைப் பட்டியும் மணக்கும். அவன் வகுப்புக்குள் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, "எத்தனை மணிக்கு எழும்பியிருப்பான்?" என்றேன்.

ஆறு என்றார்கள். ஐந்தரை என்றார்கள். அவன் அதுவரை ஒரு புதனிலும் வாய் திறந்ததில்லை. அன்று குனிந்தபடியே, "நாலு மணிக்கு. அஞ்சுக்கு எழும்பினா காணாது" என்றான். அன்று உம் கொட்டுபவர் யார் என்றால், அவன் மணக்கிறான் என்று முதலில் சொன்ன அதே பிள்ளை. அவள், "ம், பிறகு?" என்றாள். அவன் சொன்னான்: "சட்டி ஆடாம ஒரு கையால பிடிச்சுக்கொண்டு வந்தா கை விறைச்சுப் போகும். முதல் பாடத்துல பேனை பிடிக்க ஏலாது."

யாரும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுநாள் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அவனுடைய வாங்குக்காரன் முதலாம் பாடவேளைக் குறிப்பை இவனுக்கும் சேர்த்து எழுதிக் கொடுப்பதைக் கண்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீன் மணம் அப்படியேதான் இருந்தது, நகர்வதுதான் நின்றிருந்தது.

ஆனால் பிந்தி வருகிறவர்களின் கொப்பியில் அவன் பெயர் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அதைக் கதை நிறுத்தாது. நான் அதிபரின் அறைக்குப் போய், அவன் வீட்டு நிலைமையைச் சொல்லி, மீன்பிடிக் காலத்தில் முதல் மணிக்குப் பிறகு வர அவனுக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இரக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் மாற்ற வேண்டிய விதியை அப்படியே விட்டால், பிள்ளைகள் அதையும் கவனிக்கத்தான் செய்வார்கள்.

இனி என் இரண்டாவது பிழை. முதலாவதைவிட இது எனக்கு வலித்தது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த இடம். நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர். சின்னச் சின்னதாக ஏழு கிணறு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறந்தவர்களுக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய வருகிறவர்களும் உண்டு, சுற்றுலா வந்து வாளியால் அள்ளிக் குளிக்கிறவர்களும் உண்டு. ஊரில் சொல்லும் கதை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். நான் கேட்டு வளர்ந்தது இப்படி: நோயாளியான தன் தாய்க்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக் கொண்டுபோக இராவணன் வாளால் வெட்டினான்; மலை போகவில்லை, வெட்டு மட்டும் இன்றும் இருக்கிறது. பிறகு ஒரு முதியவர் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று சொன்னார். ஈமக்கடனுக்குத் தண்ணீர் வேண்டி அவன் நிலத்தில் ஏழு இடத்தில் வாளை ஊன்ற, வெந்நீர் வந்தது. அந்த முதியவர் சொன்னது பொய், அது இறைவன் செய்த தந்திரம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு.

இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். இராவணன் என்றால் பத்துத் தலை, இருபது கை என்று படம் வரைகிற பிள்ளைகள். தாய்க்காக அழுகிற இராவணனை அவர்கள் யோசித்ததில்லை. நிறுத்தினேன். முதலில் வழமையான கேள்விகள். "தண்ணி ஏன் டீச்சர் சுட்டது?" "கண்ணீர் சூடுதானே, அதுதான்" என்று ஒருவன் மற்றவனுக்குப் பதில் சொன்னான். பிறகு, எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அந்தச் செய்தியைச் சொன்ன ஆள் அவருக்குப் பக்கத்துல நிண்டாரா, சொல்லிட்டுப் போயிட்டாரா டீச்சர்?"

இருபது வருடத்தில் எந்தக் கதைக்கும் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. மீதிப் பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது. நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? பேசியிருப்பாரா? தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பாரா? "பேசத் தேவையில்ல, குடை பிடிச்சுக்கொண்டு நிண்டாலும் காணும்" என்றான் கிண்ணியாவிலிருந்து வரும் ஒருவன். அவனுடைய வாப்பா போன வருடம் மௌத்தானவர். ஒரு துக்கத்தின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் என் சொல் ஒன்றும் இல்லை.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. எனக்குள் ஓர் ஆசை. அந்தப் பிள்ளையின் தாய் மூன்று வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும், பரிவான குரலில், "மகள் ஏன் அப்பிடிக் கேட்டீங்க? சொல்லுங்க" என்றேன். அவள் முகம் மூடிக்கொண்டது. அதன்பின் இரண்டு மூன்று கிழமை என் பாடத்தில் அவள் ஒரு சொல் பேசவில்லை. கதைக்குள் இருந்துகொண்டு அவள் பாதுகாப்பாகக் கேட்ட ஒன்றை, வெளியே இழுத்து எல்லோரும் பார்க்க வைத்தேன்.

இராவணனுடைய தாயைப் பற்றிப் பேசும்போது அவள் தன் தாயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள் என்றால், அது அவளுக்குத் தெரிந்தால் போதும். எனக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. இப்போது என் வகுப்பில் இது ஒரு கட்டுப்பாடு: தன் கதையைச் சொல்லும்படி யாரும் யாரையும் கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை. பிள்ளையே முன்வந்து சொன்னால், அந்தக் கதைக்கு அந்தப் பிள்ளைதான் சொந்தக்காரர். அந்த அறைக்கு வெளியே யாராவது சொல்ல விரும்பினால் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். ஆசிரியர் ஓய்வறையில் நானும் அதைப் பேசுவதில்லை. இந்த ஊரில் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் யுத்தமும் கடலும் வெளிநாட்டுப் பயணமும் விட்டுப்போன கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தோண்டுவது கதைவேளையின் நோக்கம் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. சில சமயம் கதை என்ற பெயரில் ஒரு பிள்ளை, தனக்கு இப்போது நடந்துகொண்டிருக்கும் அடியையோ துன்புறுத்தலையோ சொல்லிவிடும். அப்போது அது கதை இல்லை. வட்டத்தில் அதைத் தொடர விடாதீர்கள். வேறு பேச்சுக்கு மெதுவாக மாற்றிவிட்டு, அன்றைக்கே தனியாகக் கேளுங்கள். "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்த ஆசிரியரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றிப் பேசுவது பாரமாக இருக்கிற கிழமைகளில் மான்களிடம் போவோம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் வெளியே தெருவிலும் திரியும் புள்ளிமான்களைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "ஒரு மானின் ஒரு நாள்" என்று ஆளுக்கு ஒரு துண்டு சொல்லிக் கதையைக் கட்டினோம். கோயில் வாசலில் பழம் கிடைத்தது, கடற்கரையில் நாய் துரத்தியது, குப்பையில் சோறு மணத்தது. சோற்றோடு, அது சுற்றியிருந்த பொலித்தீன் தாளான லன்ச் சீட்டையும் விழுங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னதும் வட்டம் அப்படியே நின்றுவிட்டது. அந்த மானைக் காப்பாற்ற எத்தனையோ வழி தேடினார்கள். கதையில் அது பிழைத்ததா என்று கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு இடைவேளையில் சாப்பிட்ட லன்ச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் சிலரைக் கண்டேன்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒன்று இருக்கிறது. இப்போது என் வகுப்பில் இருப்பவர்கள் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள். சுனாமி அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். "வீட்டில் சுனாமி பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள்" என்று முன்பெல்லாம் கொடுத்திருக்கிறேன். வந்தவை எல்லாம் ஒரே கட்டுரை: கடல் பொங்கியது, பலர் இறந்தனர், நாம் இயற்கையை மதிக்க வேண்டும். இம்முறை ஒரே கேள்வி மட்டும் கொடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். "அன்று விடிய வீட்டில் என்ன சமைத்தார்கள்?" பெரியவர் பதில் சொல்லும்போது எழுதக் கூடாது, உம் மட்டும் கொட்ட வேண்டும். கேட்டு முடிந்த பிறகு எழுதலாம்.

பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு துண்டு அனுப்பினேன். பேச விருப்பமில்லாத வீடுகளுக்கு வேறு கேள்வியும் கொடுத்தேன்: என் வயதில் நீங்கள் என்ன விளையாடினீர்கள்? ஏழெட்டுப் பிள்ளைகள் விளையாட்டைத்தான் கொண்டுவந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் புட்டைக் கொண்டுவந்தார்கள், முதல் நாள் மிஞ்சிய நத்தார்ப் பலகாரத்தை, அடுப்பில் வைத்தபடி விட்டுவிட்டு ஓடிய சொதியை. ஒருத்தியின் அம்மம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாராம். பாதி துருவிய தேங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். "அதை எங்க போட்டன் எண்டு இண்டைக்கும் தெரியாது பிள்ளை" என்று சொன்னாராம். அந்தப் பிள்ளை இதைச் சொல்லும்போது தன் இடது கையைக் குவித்து வைத்திருந்தாள், தேங்காய் இருப்பது போல.

அந்தக் கிழமை மூன்று தாய்மார் பாடசாலைக்கு வந்தார்கள். முறைப்பாடு என்று நினைத்துப் பயந்துதான் போனேன். ஒருவர் மட்டும், இப்படிப்பட்டதைப் பிள்ளைகளிடம் ஏன் கிளற வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய மகனுக்கு அதன்பின் இந்த மாதிரி வேலை கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்கிறேன். மற்ற இருவரும் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் பெரியவர் பேசத் தொடங்கினால் பிள்ளை இப்போது எழும்பிப் போவதில்லை.

பாடத்திட்டம் முடியாதே என்ற கேள்வி கட்டாயம் வரும். ஒருமுறை வகுப்பை மேற்பார்வை செய்ய வந்த ஒருவர், வாங்குகள் சுவரோரம் கிடப்பதைக் கண்டு, இது எந்தத் தேர்ச்சிக்குள் அடங்கும் என்று கேட்டார். தமிழ்ப் பாடத்தில் செவிமடுத்தல் ஒரு திறன், பேசுதல் ஒரு திறன். இரண்டையும் பாடக்குறிப்பில் எழுதியே வைத்திருந்தேன், காட்டினேன். நீங்களும் எழுதி வையுங்கள், வாதாடுவதைவிட அது உதவும். நாற்பது நிமிடம் கிடைக்காவிட்டால் பத்து நிமிடமும் காணும். ஒரு கதையை நான்கு நாளைக்கு இழுங்கள். முடிக்காமல் விட்ட கதையைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

எல்லோரிடமும் இது வேலை செய்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் முழுக்க உம் கொட்டியும், வெளியே போனதும் சின்னப் பிள்ளைகளை அடிக்கிறதை விடாத ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் அவனுக்கு நடப்பதை மாற்றாமல் நான் சொல்லும் நரிக்கதை என்ன செய்துவிடும்? அவனைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்.

கரைவலைப் பெடியன் இப்போது பத்தாம் தரம். என் வகுப்பில் இல்லை. சோளகக் காற்று வீசும் மீன்பிடிக் காலத்தில் ஒருநாள் காலை, முதல் மணி அடித்த பிறகு, நான் கேற்றடியால் வந்துகொண்டிருந்தேன். பிந்தி வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இவனும் நின்றான், அனுமதித் துண்டு சட்டைப் பையில். அவனுக்கு முன்னால் ஆறாம் தரத்துச் சின்னப் பெடியன் ஒருவன். புத்தகப் பையைக் கட்டிப் பிடித்தபடி, அழுகிறதா வேண்டாமா என்று நின்றான். இவன் கொஞ்சம் குனிந்து, எனக்குக் கேட்கும் என்று தெரியாமல், "எத்தின மணிக்கு எழும்பினாய்?" என்று கேட்டான்.

சின்னவன் என்னவோ சொல்லத் தொடங்கினான். வரிசை நகர்ந்தது. இவன் நகராமல் நின்று, "ம்" என்றான்.